மாரீன் கேட்டு வாங்கிய படிக்கட்டு

நாற்காலி படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

மேலே நின்று அதன் முதுகைப் பிடித்திருந்த கிரெய்க் இன்னொரு படி பின்னால் ஏறப் பார்த்தான். பின்னங்கால் கைப்பிடிச் சட்டத்தில் இடித்தது. கீழே முன்னங்கால்களைத் தாங்கி நின்ற அப்பா ட்ரெவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எழுபத்தெட்டு வயது மனிதரை அந்த இடத்தில் நிற்க விட்டிருக்கக் கூடாது. ஆனால் கீழே நிற்பவருக்குத்தான் அம்மாவின் முகம் தெரியும். அதனால் அவர் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. லோர்னா அவருக்குப் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் பதித்து முட்டுக்கொடுத்திருந்தாள்.

“கொஞ்சம் அசையாம இரு மாரீன்” என்றார் ட்ரெவர்.

“நான் எங்க அசையறேன்? நீதான் நடுங்கற.”

மாரீன் போர்வைக்குள் சின்னதாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வலிமருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்பு துணிப்பையில் அவள் மடிமேல் கிடந்தது. அதை ஒரு கையால் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். மறு கையால் தலையைத் தடவிக்கொண்டாள்.

“கிரெய்க், என் தலை இடிக்கப் போகுது.”

“இடிக்காது” என்றார் ட்ரெவர். “ரெண்டு மீட்டர் இருக்கு. நடந்து போனாலும் இடிக்காது.”

“தெரியும். சும்மா உன்னச் சொல்ல வச்சுப் பாத்தேன்.”

கிரெய்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடி தளர்ந்து நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் கால் சட்டத்திலிருந்து விடுபட்டது. அப்படியே மேலே போனார்கள்.

காலையில் வந்த நர்ஸ் பெர்னடெட்டிடம் மாரீன் இதைக் கேட்டபோது, வலியில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் லோர்னா முதலில் நினைத்தாள். கோடையிலிருந்து அம்மா கீழே முன்னறையில்தான் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டில், ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் தொப்பிகள், டிவி. அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

“என்னப் பரண் ரூமுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு” என்றாள் அன்று.

“இந்தக் கட்டில் அங்க ஏறாது மாரீன்” என்றாள் பெர்னடெட்.

“கட்டில் எதுக்கு ஏறணும்? நான் ஏறினாப் போதும்.”

“மேல வச்சு ஏதாவது ஆயிட்டா?”

“என்ன ஆகும்? செத்துப் போயிடுவேனா?”

பெர்னடெட் உதட்டைக் கடித்துக்கொண்டு லோர்னாவைப் பார்த்தாள். லோர்னா திரைச்சீலையைச் சரிசெய்யப் போனாள். தெருவில் ஈரச் சருகுகள் அப்பிக் கிடந்தன. ஹாலிஃபாக்ஸில் அக்டோபர் என்றால் அப்படித்தான்.

“நான் எதையும் பாக்கல” என்றாள் பெர்னடெட், பையை மூடிக்கொண்டே. “சாயங்காலம் வரும்போது நீங்க எங்க இருக்கீங்களோ அங்க வந்து பாக்கறேன்.” வாசல் வரை வந்த லோர்னாவின் முழங்கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், “தூக்கறதுன்னா இப்பவே தூக்கிடுங்க. மத்தியானம் வரைக்கும் தள்ளாதீங்க” என்றாள்.

அந்த அறைக்காக ஒரு காலத்தில் அவ்வளவு சண்டை போட்ட அம்மா, அதில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அது லோர்னாவுக்குக்கூட அன்று காலையில்தான் உறைத்தது.

*

லோர்னாவுக்குப் பதின்மூன்று வயதானபோது, தம்பியோடு ஒரே அறையில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கிரெய்க்குக்கு ஒன்பது வயது. தூக்கத்தில் கால்பந்து ஆடுவான். வீட்டில் இருந்ததே இரண்டு படுக்கையறை. ட்ரெவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் கையில் சுத்தியல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அந்தக் கோடையில் கூரைக்கு அடியில் இருந்த பரணைக் காலி செய்து, பலகை அடித்து, சுவருக்கு வெள்ளையடித்து, பழைய மெத்தையைச் சுருட்டி மேலே ஏற்றினார். மாடி நடையின் கூரையில் ஒரு சதுரம் வெட்டி, அதில் ஏணியைச் சாத்தினார். “இந்தா கண்ணு, உன் அரண்மனை” என்றார்.

லோர்னாவுக்கு அது கப்பல் மாதிரி இருந்தது. ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் உலகத்தில் யாரும் அவளைத் தொட முடியாது. கல் ஓடுகளின் இடுக்கில் காற்று ஊதுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். ஒரு முறை தண்ணீர் குடிக்க இறங்கியபோது, ஏணியின் அடியில் ஸ்டூல் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். “புழுக்கமா இருக்கு, அதான்” என்றாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த நாளும்.

மாரீன் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் உதவியாளராக வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்தால் வார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். குளித்துவிட்டு, கொல்லையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவாள்.

ஒரு சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். கறி அடைத்துச் சுட்ட ‘பை’ ரொட்டியை வெட்டி எல்லோருக்கும் வைத்தாள்.

“இன்னிக்கு வேலை முடிஞ்சு அப்படியே கவுன்சில் ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்” என்றாள்.

“எதுக்கு?” என்றார் ட்ரெவர்.

“உன்னப் பத்திச் சொல்றதுக்கு.”

ட்ரெவரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

“பரணுல ஒரு சின்னப் பொண்ணு படுத்துத் தூங்குது, ஏணிதான் வழி, ஜன்னல் கிடையாதுன்னு சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஆள் வர்றாங்க.”

“நீயா போய்ச் சொன்ன?”

“வேற யாரு போய்ச் சொல்லுவா? அக்கம்பக்கத்துல சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கவா? கொஞ்சம் குழம்பு ஊத்திக்கோ, காஞ்சு போயிருக்கு.”

செவ்வாய்க்கிழமை வந்த கட்டட ஆய்வாளர் சக்டென் குள்ளமான மனிதர். எந்நேரமும் வாயில் புதினா மிட்டாய். ஏணியில் ஏறியதும் கைமரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். பலகைமேல் ஒரு காலை வைத்து அழுத்தினார். கீழே படுக்கையறையில் விளக்கு ஆடியது.

“மிஸ்டர் ஆக்ராய்ட், இந்தச் சட்டமெல்லாம் கீழ் ரூமோட கூரையத் தாங்கறதுக்குப் போட்டது. ஆளத் தாங்கறதுக்கு இல்ல. பக்கத்துலயே கனமான மரம் புதுசா போடணும். ரெண்டு பக்கமும் சுவர்ல உக்காரணும்.”

“என் பொண்ணு கோழி எடைதான் இருக்கா.”

“எப்பவும் அப்படியே இருந்துட மாட்டாளே.” சக்டென் மிட்டாயை இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். “ஏணி வழியா ஏறற எடம் படுக்கையறை இல்ல, சாமான் போடற எடம். நல்ல படிக்கட்டு வேணும். ஏறும்போது தலைக்கு மேல ரெண்டு மீட்டர் விடணும். மேல அரை மணி நேரம் தீயைத் தாங்கற கதவு, தொறந்தா தானாவே சாத்திக்கணும். கீழ ரூமுக்கும் அதே மாதிரி கதவுங்க. எங்க தீப்பிடிச்சாலும் பொண்ணு படியில இறங்கி நேரா வாசலுக்கு வந்துடணும். ஒவ்வொரு மாடியிலயும் புகை மணி. ஆள் ஏறி வெளிய வர்ற அளவுக்குக் கூரையில ஜன்னல்.”

“ரெண்டு மீட்டர் விட்டா படிக்கட்டு எங்க ரூமுக்குள்ள வந்து நிக்கும்.”

“எங்க வந்து நிக்கும்?” என்று ஏணியடியிலிருந்து மாரீன் கேட்டாள்.

“உன் துணி அலமாரி இருக்கற மூலையில!”

“எடுத்துக்கோ” என்றாள் மாரீன்.

அதற்குப் பிறகு ட்ரெவர் அவளோடு பேசவில்லை. கிரெய்க் வழியாகத்தான் பேச்சு. “உங்க அம்மாகிட்ட உப்பு கேளு.” “உங்க அப்பாகிட்ட கை நீட்டினா எட்டும்னு சொல்லு.” ஆனால் வேலை நடந்தது. பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். புது மரங்களைக் கூரை வழியாக ஏற்றினார்கள். ஜன்னலுக்காகக் கைமரத்தை அறுத்த அன்று, இரண்டு பக்கமும் இரட்டை மரம் கட்டி முடிகிற வரை அவர் டீகூடக் குடிக்கவில்லை. அறுத்த ஓட்டை வழியாக முதல் பனி உள்ளே விழுந்தது. மாரீன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குளிர் தாங்கக் கூரையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்த வாரத்தில் எல்லோருக்கும் அரிப்பு. வெந்நீரில் குளித்தால் இன்னும் அதிகமாகும் என்று அவள் பிள்ளைகளைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஊற்றினாள். ட்ரெவர் தானே போய் வாளியின் முன் வரிசையில் நின்றார், வாய் திறக்காமல். அவள் அவர் தலையிலும் ஊற்றினாள்.

புதுத் தரை போட்டு முடிந்த அன்று கிரெய்க்கைக் கீழே படுக்கையறையில் நிற்க வைத்தார். லோர்னாவைப் படிக்கட்டில் நிற்க வைத்தார். அறை நடுவில் மாரீனை நிற்க வைத்தார்.

“குதி” என்றார்.

அத்தனை வாரத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மாரீன் காலணியைக் கழற்றாமல் குதித்தாள். திரும்பவும் குதித்தாள்.

“விளக்கு ஆடுதா?” என்று ட்ரெவர் கத்தினார்.

“விளக்கு ஆடுதா?” என்று லோர்னா கீழே கத்தினாள்.

“இல்ல!” என்று கிரெய்க் கத்தினான். “இன்னும் குதிக்கச் சொல்லு!”

அவள் குதித்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். ட்ரெவர் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் லோர்னாவின் நினைவு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடும்.

*

லோர்னாவின் பழைய கட்டிலில் கிடத்தியதும் மாரீன் மேலே பார்த்துக்கொண்டே கிடந்தாள். சரிந்த கூரையில் அவளுக்கு நேர் மேலே ஜன்னல். மேகங்கள் அவசரமாக மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தன. நடுநடுவே வெயில் விழுந்து போர்வைமேல் படர்ந்து மறைந்தது.

“இவ்ளோ வெளிச்சம்னு நீங்க யாரும் சொல்லவே இல்லையே” என்றாள் கடைசியில்.

“நீ எத்தனை தடவ வந்திருப்ப. துணி மடிச்சு வைக்க வருவியே” என்றான் கிரெய்க்.

“நின்னுட்டுப் பாத்தா வேற. படுத்துட்டுப் பாத்தா வேற.”

ட்ரெவர் தலையணைக்குக் கீழே இன்னொன்று வைத்து அவளை உயர்த்தினார். ஜன்னலின் கீழ் விளிம்பில் மூடிய ஆலையின் புகைபோக்கியும், அதற்கப்பால் குன்றின்மேல் கல்வேலிகளும் தெரிந்தன. வீடு விற்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார். அது என் பழைய டிப்போ. அதுதான் நம்ம கல்யாணம் நடந்த சர்ச், மரத்துக்குப் பின்னாடி, கோபுரம் மட்டும். அவள் அவர் காட்டிய பக்கம் பார்க்காமல், காட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரெய்க்குக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே போனான்.

“லோர்னா.”

“சொல்லும்மா.”

“அந்த ஏணிய எடுத்தப்ப உனக்கு என்மேல ரொம்பக் கோவம், இல்ல?”

“ரொம்ப. பேப்பர்ல எழுதிக் கதவுல ஒட்டினேனே, உள்ளே வராதேன்னு. உனக்கு மட்டும்னு அடியில எழுதி.”

“பாத்தேன், பாத்தேன்.” மாரீன் சிரிக்க முயன்றாள். “அப்ப வார்டுல ஒரு பொண்ணு இருந்தா. உன் வயசுதான். அவளும் மேல ரூம்லதான்…”

நிறுத்தினாள். லோர்னா காத்திருந்தாள். மாரீன் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு மேகம் முழுசாகக் கடந்து போனது.

“நல்ல தலைமுடி அவளுக்கு” என்றாள்.

லோர்னா அம்மாவின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள். எலும்பு மட்டும்தான் இருந்தது.

“ட்ரெவர்.”

“இங்கதான் இருக்கேன்.”

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உன் கோவம் எப்பப் போச்சு?”

ட்ரெவர் யோசிப்பது போலத் தாடையைச் சொறிந்தார். “யாரு சொன்னா போயிடுச்சுன்னு?”

மாரீனின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும் அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். ட்ரெவர் கட்டிலின் மறுபக்கம் சுற்றிப்போய், கூரைச் சரிவுக்குக் குனிந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் போய் டீ போட்டுட்டு வர்றேன்” என்றாள் லோர்னா.

கீழே கிரெய்க் சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தான். போனில் யாரும் இல்லை. லோர்னா கெட்டிலை வைத்தாள். அவன் பாலை எடுத்துத் தந்தான். மாரீனின் உதட்டை நனைக்கும் பஞ்சுக் குச்சியையும் ஒரு கிண்ணத் தண்ணீரையும் டீக் கோப்பைகளோடு தட்டில் வைத்துக்கொண்டு லோர்னா ஏறினாள்.

கதவு சாத்தியிருந்தது. எப்போதும் போலத் தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் தட்டு.

“அப்பா, கதவத் தொறங்க.”

அந்தக் கதவு கனம். உள்ளே பேசினால் வெளியே கேட்காது, வெளியே பேசினால் உள்ளே கேட்காது. பதினாறு வயதில் அவளுக்கு அது வரமாக இருந்தது. காலணி நுனியால் லேசாக உதைத்தாள்.

“அப்பா. கையில தட்டு இருக்கு.”

ஒன்றும் நடக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைத் திருகியிருக்கலாம். அவள் வைக்கவில்லை. கடைசிப் படிக்குக் கீழே நின்றபடியே, கதவின் வெள்ளைப் பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடிக்கு மேலே பெயிண்டில் ஒரு சின்னச் சொட்டு ஒழுகி அப்படியே காய்ந்திருந்தது. கோப்பைகளிலிருந்து ஆவி எழுந்து அவள் கண்ணாடியை மறைத்தது. திரும்ப உதைக்கவில்லை. உள்ளே அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

ஆவி நின்ற பிறகு கைப்பிடி திரும்பியது. ட்ரெவர் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தார். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

“ஆறிப் போச்சே கண்ணு” என்றார்.

“வேற போட்டுத் தர்றேன்பா.”

“இல்ல, இது போதும். கிரெய்க்கக் கூப்பிடு.”

*

பெர்னடெட் வந்தாள், டாக்டர் வந்தார். அதன் பிறகு இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து கறுப்பு கோட்டு போட்ட ஒரு பெண்ணும் ஒரு நடுவயது ஆளும் வந்தார்கள். அந்தப் பெண் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தாள். திருப்பத்தைப் பார்த்தாள், தலைக்கு மேலே பார்த்தாள்.

“பரண் ரூம்னு போன்ல சொன்னதும் எப்படி இறக்கப் போறோமோன்னு பயந்துட்டே வந்தோம்” என்றாள் ட்ரெவரிடம். “சில வீடுகள்ல நாங்க படற பாடு… இது நல்ல படிக்கட்டுங்க. நீங்களே கட்டினதா?”

“நான் ஏணிதான் போட்டேன்” என்றார் ட்ரெவர். “படிக்கட்டு அவ கட்ட வச்சது.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இறக்கும்போது எங்கேயும் இடிக்கவில்லை. கிரெய்க் முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்து நின்றான். மாடிக் கதவு, முன்னறைக் கதவு, வாசல். ட்ரெவர் பின்னால் கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். வண்டி கிளம்பியதும் அவர் கை உயர்ந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் எதிரே வரும் வண்டிக்கு உயர்த்துவது போலப் பாதி உயர்ந்து, அங்கேயே நின்று, பிறகு பாக்கெட்டுக்குள் போனது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது கிரெய்க்குக்குத்தான் முதலில் தோன்றியது. கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தான். கடைக்காரி விஷயம் கேட்டுப் பட்டாணிக் கூழ் கூடுதலாகக் கொடுத்திருந்தாள். தட்டு எடுக்கவில்லை. சமையலறை மேசையில் பொட்டலங்களைப் பிரித்து, காகிதத்தோடு சாப்பிட்டார்கள். வினிகர் வாசனையில் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று.

“வெளிய குளுருது” என்றான் கிரெய்க்.

“ராத்திரி இன்னும் குளிரும்” என்றார் ட்ரெவர்.

அவர் நல்ல பசியில் சாப்பிட்டார். மீனை நடுவில் பிளந்தார். வால் பக்கம், மாவு கூடுதலாகப் பொரிந்து மொறுமொறுவென்று இருக்கும் நுனியை உடைத்து, காகிதத்தின் இடது ஓரத்தில் தள்ளி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் செய்வதுதான். அங்கிருந்து மாரீன் கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். நன்றி சொல்ல மாட்டாள், பேச்சைக்கூட நிறுத்த மாட்டாள்.

ட்ரெவர் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கிரெய்க் உப்பு ஜாடியை எடுத்தான், எதிலும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

ட்ரெவர் ஒற்றை விரலால் அந்தத் துண்டை மேசைமேல் மெல்லத் தள்ளி லோர்னாவின் காகிதத்துக்குள் விட்டார்.

லோர்னாவுக்கு அந்தப் பகுதி பிடிக்காது. அவளுக்கு எண்ணெய் நெடி ஒத்துக்கொள்வதில்லை. அவள் அதை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, முழுதும் சாப்பிட்டாள்.